மெயில் ஐடி கொடுப்பதற்கு முன்: நெல்லைப் பக்கத்துக் கேள்விகள்

கல்லூரிக்கும் ஆய்வு நிலையத்துக்கும் சொந்த டொமைன் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) எடுப்பது, ஆட்களுக்கு மின்னஞ்சல் முகவரி வகுப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

பேட்டை, கணினி ஆசிரியர்: அண்ணாச்சி, டொமைனை எங்கே பதிவு பண்ணணும்? டாட் காம் வாங்கினா போதாதா?

போதாது தம்பி. கல்வி, ஆய்வு நிறுவனங்களின் பெயருக்குப் பின்னால் வரும் ஏசி.இன், இடியு.இன், ரெஸ்.இன் மூன்றையும் பதிவு செய்வது எர்நெட் இந்தியா. 1986-ல் ஐஐடிகளையும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தையும் இணைக்கத் தொடங்கிய அதே ஆய்வு வலைதான். கல்வி நிறுவனம் என்று சான்று காட்டினால்தான் அங்கே பெயர் கிடைக்கும். அதனால்தான் அந்தப் பெயருக்கு மதிப்பு. தொடர்பு முகவரியாக அதே டொமைனில் உள்ள ஐடியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். டொமைன் காலாவதியானால் புதுப்பிக்கச் சொல்லும் கடிதமும் வந்து சேராது.

பாளையங்கோட்டை, அலுவலகக் கண்காணிப்பாளர்: கல்லூரிப் பெயரை மூன்று எழுத்தாகச் சுருக்கலாமா?

தேசிய வலையில் அந்த மூன்று எழுத்துக்குப் பலர் உரிமை கொண்டாடுவார்கள். நம்மூர் தூய யோவான் கல்லூரியையும் திருச்சி தூய வளனார் கல்லூரியையும் ஆங்கிலத்தில் சுருக்கினால் இரண்டும் எஸ்.ஜே.சி. தான். ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டை, நூலகர்: மென்பொருள் குடும்பப் பெயர் கேட்கிறது. நமக்கு ஏது சார்?

நம்மவர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். ஒரே கல்லூரியில் இசக்கிமுத்து நாலு பேர், காந்திமதி மூன்று பேர் இருப்பது நம் பக்கத்தில் சகஜம். அப்பாக்களின் பெயர்களும் அதே வட்டத்துக்குள் சுற்றுவதால் இனிஷியலும் ஒன்றாகிவிடும். ஆகவே முதல் நாளே விதி வகுத்துவிடுங்கள்: பெயர், புள்ளி, இனிஷியல். ஒரே மாதிரி வந்தால் அப்பாவின் முழுப் பெயர், அதுவும் ஒன்றானால் ஊர்ப் பெயர். 1, 2 என்று எண் போடவே வேண்டாம். ஒருவருக்குப் போகவேண்டிய வினாத்தாள் இன்னொருவர் பெட்டியில் விழும். ஒரு புள்ளி மட்டும் வித்தியாசப்படும் இரண்டு ஐடிகளும் அப்படித்தான்.

எழுத்துக்கூட்டல் அடுத்த தலைவலி. இசக்கியை ஆங்கிலத்தில் 'ஐ' போட்டும் எழுதுவார்கள், 'ஈ' போட்டும் எழுதுவார்கள். ஆய்வுக் கட்டுரையில் எப்படி அச்சாகிறதோ அதையே எடுங்கள். கட்டுரை வராதவருக்குப் பத்தாம் வகுப்பு மார்க்ஷீட். மற்ற வடிவத்தில் எழுதி அனுப்பினாலும் அதே பெட்டிக்கு வரும்படி செய்துவிடுங்கள்.

வள்ளியூர், பேராசிரியர்: முகவரியில் துறையின் பெயர் வரலாமா?

வேண்டாம் சார். துறை பிரியும், சேரும், ஆள் மாறுவார். பிரிட்டனின் ஜேனட் என்ற கல்வி வலையில் ஒரு காலத்தில் நாட்டை முதலில் வைத்து முகவரியைத் தலைகீழாக எழுதினார்கள். அதனால் கடைசியில் நின்ற சி.எஸ். என்பது கணினித் துறையின் சுருக்கமா, செக்கோஸ்லோவாக்கியாவின் நாட்டுக் குறியா என்று குழப்பம் வந்தது.

அம்பாசமுத்திரம், ஆய்வு உதவியாளர்: ஓய்வு பெற்றவரின் ஐடியை அதே பெயருள்ள புதியவருக்குக் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. பழையவர் அந்த ஐடியை வைத்து ஆய்விதழ்களில், வங்கியில், எங்கெங்கோ கணக்குத் திறந்திருப்பார். புதியவர் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தினால் அத்தனையும் அவர் கைக்கு வரும். அவர் நல்லவராகவே இருக்கட்டும், அந்தக் கதவு திறந்திருக்கக் கூடாது. பெட்டியை மூடலாம், பெயரைப் பூட்டியே வையுங்கள். பதிவேட்டில் ஒவ்வொரு முகவரியையும் பணியாளர் எண்ணோடு சேர்த்து, கொடுத்த நாள், நிறுத்திய நாள் எழுதுங்கள். ஐந்து பேர் உள்ள நிலையத்துக்கும் இந்தப் பதிவேடு வேண்டும்.

தென்காசி, ஆய்வு மாணவி: தமிழிலேயே முகவரி வைக்க முடியுமா அண்ணா?

முடியும்மா. 2012-லேயே அதற்கான நெறிமுறை வந்துவிட்டது. @ குறிக்கு முன்னால் 64 பைட் வரை இடம். தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளியும், காலும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள். 'இசக்கியம்மாள்' 39 பைட், தாராளமாக அடங்கும். ஆனால் எதிர்முனை சர்வரும் இதை ஏற்கவேண்டும். ஏற்காதவை இன்னும் உண்டு என்பதால் ஆங்கில எழுத்து ஐடியும் அதே பெட்டிக்கு இருக்கட்டும். தமிழ் முகவரியை ஆசையோடு வாங்கிக்கொள். பயன்படுத்த ஆள் இருந்தால்தான் அது நிலைக்கும்.

நாங்குநேரி, கல்லூரி முதல்வர்: எங்கள் கடிதங்கள் ஸ்பேமில் விழுகின்றனவே?

கடிதம் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று சரிபார்க்க உதவும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்று பதிவுகளும் டொமைனில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு நாளில் ஜிமெயிலுக்கு 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புவோருக்கு 2024 முதல் மூன்றும் கட்டாயம். அஞ்சல் சிக்கல்களும் புகார்களும் வந்து சேர போஸ்ட்மாஸ்டர், அப்யூஸ் என்ற இரண்டு பொது முகவரிகளையும் திறந்து, அவற்றை யார் தினமும் படிப்பது என்று ஒருவர் பெயரை எழுதி ஒட்டுங்கள்.