கிறிஸ்தவக் கல்லூரி எதற்காக? – கடிதம்

அன்புள்ள சார்,

நலம்தானே? தென்மாவட்டத்தில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் வரலாற்றுத் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன், சுயநிதிப் பிரிவில். அடுத்த மாதம் நாக் குழு, அதாவது கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசியக் குழு, வருகிறது. கல்லூரியின் நோக்கம், விழுமியங்கள் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பழைய அறிக்கையைப் புரட்டினேன். 'முழுமையான ஆளுமை வளர்ச்சி', 'உலகத்தரம்' என்று இருந்தது. பெயரை மாற்றிப் போட்டால் எந்தக் கல்லூரிக்கும் பொருந்தும்.

காலை ஜெபத்தையும் கிறிஸ்மஸ் விழாவையும் எடுத்துவிட்டால் இங்கே கிறிஸ்தவம் என்று என்ன மிஞ்சும்? எனக்குப் பிடிபடவில்லை. மாணவர்களோ, 'ஹிஸ்டரி படிச்சா என்ன வேலை மேடம்?' என்கிறார்கள். பாதிப்பேர் வேறு எங்கும் இடம் கிடைக்காமல் வந்தவர்கள். வீட்டில் என் மாமா, 'மதம் மாத்தத்தானே காலேஜ் நடத்துறாங்க' என்கிறார். நான் கிறிஸ்தவர் அல்ல. இந்தப் பக்கத்தை நான் எழுதுவது சரிதானா என்பதே சந்தேகமாக இருக்கிறது.

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் மாமாவிடமிருந்தே தொடங்கலாம். அவர் சொல்வதில் பாதி உண்மை. அதை மறைத்துவிட்டு விழுமியம் பேசினால் முதல் வரியிலேயே பொய் வந்து உட்கார்ந்துகொள்ளும். 1830-ல் கல்கத்தாவில் ஸ்காட்லாந்து மிஷனரி அலெக்சாண்டர் டஃப் தன் கல்வி நிலையத்தைத் திறந்தபோதும் சரி, 1837-ல் சென்னையில் ஜான் ஆண்டர்சன் பள்ளி தொடங்கியபோதும் சரி, நோக்கத்தை யாரும் ஒளிக்கவில்லை. மேற்கின் அறிவியலும் தத்துவமும் படித்தால் இளைஞர்களுக்குச் சொந்த மதத்தில் பிடிப்புத் தளரும், தளர்ந்தவர்கள் கிறிஸ்துவிடம் வருவார்கள் என்பது கணக்கு. முதல் பாதி ஓரளவு நடந்தது. இரண்டாம் பாதி எதிர்பார்த்த அளவில் நடக்கவே இல்லை. கணக்கு தப்பியபின் அந்தக் கல்லூரிகள் என்ன செய்தன என்று பார்த்தால் நீங்கள் கேட்பதற்குப் பதில் கிடைக்கும்.

ஒரு கல்லூரியை மூடிவிட்டார்கள். யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823-ல் தொடங்கிய செமினரி அது. முதல் தலைவர் டேனியல் பூவர், டார்ட்மவுத் கல்லூரியில் படித்தவர். தான் படித்த மாதிரியான கல்வியையே பனங்காட்டு நடுவே கொண்டுவந்து வைத்தார். கணிதம், வானியல், தத்துவம், வேதாகமம், கூடவே தமிழ் இலக்கணமும் இலக்கியமும். 1829-ல் ஒரு சந்திர கிரகணத்தின்போது உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்போடு தன் கணிப்பை ஒப்பிட்டுக் காட்டி, தன்னுடையதே துல்லியம் என்று நிறுவினார். வானியல் தெரிந்தால் புராணத்தில் நம்பிக்கை போய்விடும் என்று அவர் எண்ணினார். பையன்கள் வானியலை நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். சிலர் ஞானஸ்நானமும் பெற்றார்கள். ஆனால் வெளியே போனபின் அரசு உத்தியோகம் தேடினார்களே தவிர, ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்ய ஆள் கிடைக்கவில்லை.

பாஸ்டனிலிருந்து மிஷனின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்த்தார். ஆங்கிலம் அதிகம், அறுவடை குறைவு என்று முடிவு செய்தார். 1855-ல் செமினரி மூடப்பட்டது. ஒரு மிஷன் அதிகாரியாக அவர் சொன்னதில் தப்பே இல்லை. கொடுத்த காசுக்கு வந்த சரக்கு என்ன என்று கேட்டார், அவ்வளவுதான்.

அப்புறம் இரண்டே வருடத்தில், புதிதாகத் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறிய இருவருமே வட்டுக்கோட்டை மாணவர்களாக இருந்தார்கள். ஒருவர் கரோல் விசுவநாத பிள்ளை, இன்னொருவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. இருவரும் பின்னாளில் சைவத்துக்குத் திரும்பியவர்கள். தாமோதரம் பிள்ளை சென்னையில் அரசின் கணக்குத் துறையில் வேலை பார்த்தார், பிறகு புதுக்கோட்டையில் நீதிபதி. நடுவில் கிடைத்த நேரத்தில் செல்லரித்த ஏடுகளைத் தேடிச் சேர்த்து, ஒப்பிட்டுப் பார்த்து, வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சில் ஏற்றினார். 1887-ல் கலித்தொகை வந்தது. ரூஃபஸ் ஆண்டர்சனின் பேரேட்டில் அவர் நஷ்டக் கணக்கு. நமக்கு அவர் யார் என்று வரலாற்று ஆசிரியரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'என்ன வேலை மேடம்?' என்று கேட்கும் பிள்ளைகளிடம் இவரைப் பற்றிச் சொல்லுங்கள். வேலைக்காகத்தான் அவரும் படித்தார். அந்தக் கேள்வியைக் கேட்பது கேவலம் என்ற எண்ணத்தை மட்டும் அவர்களுக்கு உண்டாக்கிவிடாதீர்கள். வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளை அதைக் கேட்காமல் வேறு யார் கேட்பது?

இன்னொரு கல்லூரி மூடவில்லை, நோக்கத்தை மாற்றிக்கொண்டது. முதலில் சொன்ன ஜான் ஆண்டர்சனின் சென்னைப் பள்ளிக்கு 1862-ல் வில்லியம் மில்லர் வந்து சேர்ந்தார். அதுதான் வளர்ந்து 1877-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்று பெயர் பெற்றது. 1907 வரை அவர்தான் முதல்வர். ஞானஸ்நான எண்ணிக்கையை வைத்துக் கல்லூரியை அளக்காதீர்கள், கிறிஸ்தவச் சிந்தனை இந்தச் சமூகத்துக்குள் மெல்லப் பரவுவதே எங்கள் வேலை, பலன் எப்போது எந்த வடிவில் வரும் என்று எங்களுக்குத் தெரியாது – மில்லர் சொன்னதன் சாரம் இது. 1872-ல் அலகாபாத் மிஷனரி மாநாட்டில் இந்த நிலைப்பாட்டுக்காக வாதாடினார். நிறைய மிஷனரிகளுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காததில் ஆச்சரியமும் இல்லை. பலன் கேட்காமல் காசு கொடு என்று சொன்னால் எந்த நன்கொடையாளர் சும்மா இருப்பார்?

மில்லர் ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் ஆர்தர் கவிதையை நடத்தும்போது, படகு அன்னம்போல் நகரும் உவமையை வியந்து, இப்படி ஒன்று வேறு எங்கும் உண்டா என்றாராம். சூரியநாராயண சாஸ்திரி என்ற மாணவர் எழுந்து, குகனின் ஓடம் அன்ன நடையில் போகும் கம்பன் பாட்டைச் சொன்னார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதை அப்படியே நடந்ததோ இல்லையோ, அதற்குப் பின் நடந்தது உறுதி. அந்த மாணவர்தான் பரிதிமாற் கலைஞர். அதே கல்லூரியில் தமிழ்த் துறைத் தலைவராக இருந்தார். ஐயர் வீட்டுப் பிள்ளை, கம்பனை வைத்து வெள்ளைக்கார முதல்வரை மடக்கியவர், கிறிஸ்தவக் கல்லூரியில் துறைத் தலைவர். அவர் அந்தப் பதவியில் இருக்கலாம் என்றால் நீங்கள் ஒரு பக்கம் எழுதலாம்.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஏ.ஜி. ஹாக்கின் கதை. தத்துவப் பேராசிரியர், பின்னாளில் கல்லூரி முதல்வர். அவருடைய மாணவர் ராதாகிருஷ்ணன், பின்னாளில் குடியரசுத் தலைவரானவர். வேதாந்தத்தில் ஒழுக்கவியலுக்கு இடமில்லை என்று மிஷனரிகள் அப்போது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் இதைக் கேட்டுப் புண்பட்ட இளைஞர், எம்.ஏ. பட்டத்துக்கு எழுதிய ஆய்வேட்டை அதற்குப் பதிலாகவே அமைத்தார். வேதாந்தத்தின் ஒழுக்கவியல் பற்றிய அந்த ஏடு 1908-ல் அச்சானது. ஆசிரியர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று அவருக்கு உள்ளூர உதறல். ஹாக் அதைப் படித்துவிட்டு, தத்துவப் பிரச்சினையை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார், சிக்கலான வாதத்தை எளிதாகக் கையாள்கிறார் என்று பாராட்டிச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். கிறிஸ்தவ விமர்சகர்களின் சவால்தான் இந்து சமயத்தில் உயிருள்ளது எது, செத்தது எது என்று தேடவைத்தது எனப் பின்னாளில் ராதாகிருஷ்ணனே எழுதினார்.

ஹாக் நம்பிக்கை தளர்ந்த தாராளவாதி அல்ல. கர்ம வினைக் கொள்கையோடு மல்லுக்கட்டி ஒரு புத்தகமே எழுதியவர். கிறிஸ்துவே வழி என்று நம்பியவர். 1938-ல் தாம்பரத்தில் நடந்த சர்வதேச மிஷனரி மாநாட்டை ஒட்டி டச்சு மிஷனரி அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமரோடு மோதியவரும் அவர்தான். மற்ற மதங்களில் இருப்பது மனிதன் கட்டியவை மட்டுமே என்ற கிரேமரின் தொனியை ஹாக் ஏற்கவில்லை. அங்கேயும் மெய்யான விசுவாசம் இருக்கிறது, நான் அதை மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன் என்பது அவர் தரப்பு. முப்பது வருடத்துக்கும் மேலாக இந்து மாணவர்களுக்குத் தத்துவம் நடத்தினால்தான் இப்படிப் பேச வரும்.

ஆக, நான் சொல்ல வருவது இதுதான். தன்னை மறுக்கும் அளவுக்கு மாணவரைத் தயார்செய்து, அவர் மறுக்கும்போது நல்ல மதிப்பெண்ணும் போடுகிற கல்லூரியைத்தான் நான் கிறிஸ்தவக் கல்லூரி என்பேன். இது அவர்களுடைய மரபிலேயே உள்ள விஷயம். உண்மை எங்கே கிடந்தாலும் அது ஆண்டவருடையதே என்றார் பழங்காலக் கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின், பிறமதத்தார் எழுத்துகளைப் படிக்கலாமா என்ற விவாதத்தில். அதை ஒப்புக்கொண்டால் கம்பனையும் வானியலையும் பயமில்லாமல் நடத்தலாம். திரும்பி வரும் என்று எதிர்பார்க்காமல் கொடுப்பது மீதிப் பாதி. அந்த இரண்டும் இல்லாத இடத்தில் காலை ஜெபம் எவ்வளவு நீளமாக இருந்தால் என்ன?

நான் படித்ததும் ஒரு மிஷன் கல்லூரிதான். விலங்கியல் பேராசிரியர் ஞாயிறு காலையில் சி.எஸ்.ஐ. கோயிலில் ஆர்கன் வாசிப்பார். திங்கட்கிழமை குதிரைக் காலின் படிமலர்ச்சியை நடத்துவார். நாலு விரல், மூணு விரல், கடைசியில் ஒற்றைக் குளம்பு என்று கரும்பலகை முழுக்க எலும்பாக வரைந்திருப்பார். சாக்பீஸ் தூள் சட்டைக் கையெல்லாம். பின்பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, 'அப்ப ஆதியாகமம் சார்?' என்றான். அவனே சபை ஊழியரின் மகன். சார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'ரெண்டும் வேற வேற கேள்விக்குப் பதில்டா. இதை நோட்ல எழுதாத, பரீட்சைக்கு வராது.' அப்புறம் மறுபடி எலும்பு. அவர் இருபது நிமிடம் பிரசங்கம் செய்திருந்தால் எனக்கு இன்று ஒன்றும் நினைவிருக்காது.

சரி, இன்றைய நிலைமை. எனக்கு வரும் கடிதங்களை வைத்துப் பார்த்தால் பல இடங்களில் 'கிறிஸ்தவ' என்ற அடைமொழி நீதிமன்றத்தில்தான் அதிகம் புழங்குகிறது. அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குத் தரும் உரிமை அரிய உரிமை. அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு டயோசீஸ் (திருமண்டல) தேர்தலில் ஜெயித்தவர் தன் ஆட்களை வேலைக்கு வைப்பதும், சுயநிதிப் பிரிவு ஆசிரியருக்கு ஏதோ ஒரு தொகையைக் கையில் கொடுத்து வேறு தொகைக்குக் கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது என்கிறார்கள். உங்கள் கல்லூரியில் எப்படியோ தெரியாது. நீங்கள் 'சுயநிதிப் பிரிவில்' என்று தனியாகக் குறிப்பிட்டதைக் கவனித்தேன்.

பாடத்திட்டமும் ஒரு காரணம். பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம், பார்ட் த்ரீயில் மேஜரும் அலைடும், அப்புறம் பார்ட் ஃபோரில் எங்கோ ஒரு மூலையில் விழுமியக் கல்வி. அதற்கும் நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தேர்வு. நேர்மை எது என்று அ, ஆ, இ, ஈ-யில் டிக் அடித்துவிட்டு, பக்கத்துப் பையனுக்கும் காட்டிவிட்டு வருவார்கள். இது புதிய சீரழிவு என்றும் நினைக்க வேண்டாம். 1931-ல் ஏ.டி. லிண்ட்சே தலைமையிலான குழு இந்தியாவின் கிறிஸ்தவ உயர்கல்வியை ஆராய்ந்தபோதே, பல்கலைக்கழகத் தேர்வுக்குப் பின்னால் ஓடுவதில் கல்லூரிகளின் மூச்சு போகிறது என்ற கவலையைப் பதிவு செய்தது.

உங்கள் பக்கத்துக்கு வருவோம். அதில் ஜான் ஆண்டர்சனின் 1838-ஆம் ஆண்டுப் பிரச்சினையையும் சேர்க்கலாம். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் சிலர் அவர் பள்ளியில் சேர்ந்தது தெரிந்ததும், அவர்களை வெளியேற்று என்று மற்றவர்கள் கேட்டார்கள். ஆண்டர்சன் மறுத்தார். உயர்சாதி மாணவர்கள் பலர் போய்விட்டார்கள், பள்ளி ஆட்டம் கண்டது. மதமாற்ற நோக்கம் வெளிப்படையாக இருந்த அதே ஆள்தான் இதையும் செய்தார். உங்கள் மாமாவுக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவர் சொல்வதில் உள்ள பாதி உண்மையை ஒப்புக்கொண்ட பிறகு. எல்லா மிஷன் பள்ளிகளும் இப்படி நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

'உலகத்தரம்' என்பதை அடித்துவிடுங்கள். பதிலாக உங்கள் கல்லூரியில் உண்மையிலேயே நடக்கிற மூன்று விஷயங்களை எழுதுங்கள். ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைக்கு யார் கட்டினார்கள், எந்த ஆசிரியர் எந்தப் புத்தகத்தை வகுப்புக்கு வெளியே நடத்தினார், நிர்வாகத்தை எதிர்த்துப் பேசிய மாணவருக்கு என்ன ஆனது. மூன்றாவதற்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாகவே விட்டு முதல்வரிடம் கொடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள். நாக் குழு போனபிறகு எழுதினால் போதும்.

அன்புடன்.