உலக மொழிகளில் பாதி அழிந்துவிடும் என்கிறார்களே, தமிழுக்கும் அந்த ஆபத்து இருக்கிறதா?

தமிழ் உடனே அழியாது. உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள் இருக்கின்றன, அவற்றில் பாதியளவு இந்த நூற்றாண்டுக்குள் மறையலாம் என்று மொழியியலாளர் பலர் அஞ்சுவது உண்மைதான். பெற்றோர் பிள்ளைகளோடு தங்கள் மொழியில் பேசுவதை நிறுத்தும்போதே அந்த மொழியின் சாவு தொடங்கிவிடுகிறது. அந்தமானில் போ மொழி பேசிய கடைசி ஆளான போவா சீனியர் 2010இல் இறந்தார். கடைசிக் காலத்தில் தன் மொழியில் கதைக்க அவருக்கு ஒருவரும் இல்லை. நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது.

தமிழைப் பல கோடிப் பேர் பேசுகிறோம், சரி. ஆனால் எங்கள் யாழ்ப்பாணப் பேச்சு? எங்கள் அம்மம்மா "உதை இஞ்சை கொண்டா" என்றால், என் கைக்குப் பக்கத்தில் இருக்கும் செம்பைத்தான் கேட்கிறார் என்று விளங்கும். இது, அது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் 'உது' என்ற சொல்லின் இந்த 'உ', தொல்காப்பியம் சொல்லும் மூன்று சுட்டுகளில் ஒன்று. தமிழ்நாட்டுப் பேச்சில் அது போய்விட்டது, இங்கே இன்னும் வாயில் இருக்கிறது.

ரொறன்ரோவில் இருக்கும் பேரப்பிள்ளைகளோடு அம்மம்மா வாட்ஸ்அப்பில் கதைப்பார். அவர்களுக்கு எல்லாம் விளங்கும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். எனக்குப் பயம் இதில்தான். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் 1982இல் மழலையர் பள்ளிகள் தொடங்கி, மூத்தவர்களைக் குழந்தைகளோடு மாவோரியிலேயே பேசவைத்தார்கள். நாங்களும் போனில் பிள்ளை தமிழில் சொல்லத் தடுமாறும்போது, அவசரப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறாமல் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.