தளம் திறக்கிறது, கோப்பு இறங்கவில்லை

கேள்வி: எங்கள் அலுவலக இணையப் போக்குவரத்து ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி (நடுவில் நின்று வடிகட்டும் மென்பொருள்) வழியாகத்தான் போகிறது. அதில் அனுமதித்த தளங்கள் தவிர எல்லாம் தடை. புதிதாக ஒரு மென்பொருள் தளத்தைப் பட்டியலில் சேர்த்தேன். பக்கம் திறக்கிறது, டவுன்லோடு பட்டனை அழுத்தினால் பிழை. ப்ராக்ஸி அமைத்துத் தந்தவர், 'தடையையே எடுத்துவிடலாம்' என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அவர் என்ன செய்வார் தெரியுமா? விதிகளின் உச்சியில் 'எல்லோருக்கும் அனுமதி' என்று ஒரு வரி போட்டுவிட்டு பில்லை நீட்டுவார். ஸ்க்விட் மேலிருந்து கீழே படித்து, பொருந்தும் முதல் வரியோடு நின்றுவிடும். கீழே நீங்கள் எழுதிய தடைகள் அத்தனையும் அன்றோடு செத்தன. இப்படிக் கிடந்த ப்ராக்ஸிகளை நிறையவே பார்த்திருக்கிறேன்.

உங்கள் சிக்கல் சின்னது. பட்டன் இருப்பது ஒரு முகவரியில், கோப்பு வருவது வேறொரு முகவரியிலிருந்து. மென்பொருள்களை வெளியிடும் தளமான கிட்ஹப்பில், ரிலீஸ் பக்கத்தில் உள்ள கோப்பை அழுத்தினால் அது கிட்ஹப்யூசர்கன்டென்ட் என்ற வேறு டொமைனிலிருந்துதான் இறங்கும். இதை முன்கூட்டியே சொல்லும் நிறுவனங்கள் குறைவு, மாற்றினாலும் சொல்வதில்லை. நாம்தான் லாக் கோப்பில், அதாவது யார் எந்த முகவரியைக் கேட்டார்கள் என்று ப்ராக்ஸி எழுதிவைக்கும் பதிவில், தேடிச் சாக வேண்டும்.

சரி, பட்டனை அழுத்திய கையோடு அந்தப் பதிவை (ஆக்சஸ் லாக்) திறந்து கடைசி வரிகளைப் பாருங்கள். 'டினைட்' (மறுக்கப்பட்டது), 403 என்று இருக்கும் வரியில், 443 என்ற எண்ணுக்கு முன்னால் நிற்பதுதான் உங்களுக்கு வேண்டிய முகவரி. அதைப் பட்டியலில் சேர்த்து, ஸ்க்விட்டை ரீகான்ஃபிகர் செய்யுங்கள், அதாவது விதிகளை மறுபடி படிக்க வையுங்கள்.

ஆனால் அந்த முகவரி பல நிறுவனங்கள் கோப்புகளை வைக்கும் அமேசான், அதன் கிளவுட்ஃப்ரன்ட் போன்ற வாடகை இடமாக இருந்தால் நிதானம். முன்னால் புள்ளி வைத்து டொமைனை எழுதினால் அதன் கீழுள்ள எல்லாமே திறந்துகொள்ளும். அங்கே உங்கள் மென்பொருள் நிறுவனமும் குடியிருக்கும், வைரஸ் பரப்புகிறவனும் குடியிருப்பான். முழுப் பெயரை எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள், புள்ளி வேண்டாம். பொதுவாகவே, ஒரே டொமைனைப் புள்ளியோடும் புள்ளி இல்லாமலும் இரண்டு தடவை எழுதாதீர்கள், ஸ்க்விட் முறைத்துக்கொள்ளும். முழுப் பெயர் எழுதியும் நிறுவனம் இடம் மாற்றினால் மறுபடி லாக்தான். அலுப்பான வேலை, ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம்.

அப்புறம், இவ்வளவு ஏன் என்று 'இலவச டவுன்லோடு' தளங்களை அனுமதிக்காதீர்கள். கேட்ட மென்பொருளோடு கேட்காத இரண்டையும் சேர்த்துக் கட்டித் தருகிற தரகர்கள் அங்கே ஏராளம்.