வாசகர் கேள்வி: பாஸ் மீனுக்கு முதல் தூண்டில்

கேள்வி: அண்மையில் டெக்சாஸில் குடியேறிய நான் பாஸ் மீன் பிடிக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்களுக்கு 17 வயது நிரம்பியிருந்தால், முதலில் மாநில மீன்பிடி உரிமத்தை வாங்கிவிடுங்கள். 7 அடி நீளமுள்ள, நடுத்தர விறைப்புடைய தூண்டில் கோல், நரம்பைச் சுருட்டும் ஸ்பின்னிங் ரீல், 10 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பு, கொக்கி, ஒரு பொட்டலம் ரப்பர் புழு ஆகியவை போதும். விலையுயர்ந்த கருவிகளுக்கு இப்போது அவசரமே இல்லை. பாஸ் வகைகளில் ஒன்றான பெருவாய் பாஸ் என்பது மூழ்கிய மரம், நீர்ப்பாசி, படகுத்துறை நிழல் போன்ற மறைவிடங்களில் பதுங்கியிருந்து இரையைக் கவ்வும் மீன் என்பதால், புழுவின் நடுவில் கொக்கியைக் குத்தி, அம்மறைவின் ஓரமாக எறிந்து, தானாக அமிழ விடுங்கள். இரு முனைகளும் துடித்தபடி புழு இறங்கும்போதுதான் பெரும்பாலும் மீன் கவ்வும். நரம்பு பக்கவாட்டில் நகரத் தொடங்கினால், தளர்வைச் சுருட்டிவிட்டுக் கோலை உயர்த்துங்கள். மீனைத் திரும்ப விடுவதாயின், தயவுசெய்து கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். உலர்ந்த கை அதன் உடலைக் காக்கும் வழவழப்பை உரித்துவிடும்.