விரல் சின்னதென்று கிட்டாரை விட்டுவிடலாமா?

செம்பூர் வாசகி ஒருவரின் கேள்வி: மகன் வெளியூருக்குப் படிக்கப் போனதும் அவனுடைய கிட்டார் சும்மா கிடந்தது. 2 மாதமாக நானே பழகுகிறேன், வயது 44. விரல் நுனியெல்லாம் எரிகிறது. எஃப் கார்ட் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரல் பிடி) பிடித்தால் 'டொக் டொக்' என்றுதான் சத்தம் வருகிறது. விரல் சின்னது, நமக்கு வராது என்று விட்டுவிடலாமா?

விடாதீர்கள். பத்து வயதுப் பிள்ளைகள் இதே கம்பியில்தான் வாசிக்கிறார்கள், விரல் அளவு ஒரு காரணமே இல்லை. கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது உங்கள் கிட்டார் மேல்தான். 12-வது ஃபிரெட்டில், அதாவது கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளில் 12-வதில், ஒரு ஸ்கேலை நிறுத்தி, தடித்த கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 2, இரண்டரை மில்லிமீட்டர் என்றால் நல்லது. 4 இருந்தால் யார் வாசித்தாலும் எரியத்தான் செய்யும்.

மாட்டுங்காவில் இருந்தபோது நான் கிட்டாரை ஜன்னலோரம் சாய்த்து வைப்பது வழக்கம், ஜூலை முடிவதற்குள் கம்பி துருவேறி, மரம் ஈரத்தை இழுத்து மேற்பலகை லேசாக உப்பி, கம்பி எல்லாம் தூக்கிக்கொண்டது, நானோ என் கையில்தான் கோளாறு என்று மாதக்கணக்கில் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். பழுதுபார்ப்பவர் ஒருவர் தலைப்பக்கம் கம்பிகள் உட்கார்ந்திருக்கும் அந்த வெள்ளைக் கட்டையின் பள்ளங்களைச் சன்னமான அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தார். மெல்லிய கம்பி போட்டார், கடையில் 10 கேஜ் என்று கேட்டால் கிடைக்கும். அன்று சாயங்காலமே எஃப் பாதி வந்துவிட்டது. அந்தக் கட்டை உயரமாக இருந்தால் முதல் ஃபிரெட்டில் அழுத்துவதுதான் ரொம்பச் சிரமம், எஃப் இருப்பதும் அங்கேதான். அதனால் முதலில் கிட்டாரைக் காட்டுங்கள். மழைக்காலத்தில் அதை உறையிலேயே வையுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு.

அப்புறம், எஃப்பைக் கொஞ்ச நாள் ஒத்திப்போடுங்கள். ஏ மைனரைப் பிடியுங்கள்: மெல்லிய கம்பியை 1 என்று எண்ணினால், ஆள்காட்டி விரல் 2-வது கம்பியில் முதல் ஃபிரெட், நடுவிரல் 4-வது கம்பியில் 2-வது ஃபிரெட், மோதிர விரல் 3-வது கம்பியில் 2-வது ஃபிரெட். இப்போது மற்ற இரண்டையும் அசைக்காமல் மோதிர விரலை மட்டும் எடுத்து 5-வது கம்பியில் 3-வது ஃபிரெட்டில் வையுங்கள். சி வந்துவிட்டது! கைபேசியில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு எத்தனை தடவை மாற்ற முடிகிறது என்று எண்ணுங்கள். முதல் நாள் 10 வந்தாலே போதும். கார்டைப் பிடிப்பது ஒரு வாரத்தில் வந்துவிடும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதில்தான் மாதங்கள் போகும், அதைத்தான் பழக வேண்டும் என்பது என் கட்சி. விரலை ஃபிரெட்டுக்கு ஒட்டினாற்போல் சற்றுப் பின்னால் வையுங்கள், நடுவில் வைத்தால் கூடுதல் அழுத்தம் வேண்டியிருக்கும். இடது கை நகத்தை ஒட்ட வெட்டுங்கள். தினம் 15 நிமிடம் போதும், ஞாயிற்றுக்கிழமை 2 மணி நேரம் உட்கார்ந்தால் விரல்தான் புண்ணாகும். நுனித்தோல் காய்த்துவிட்டால் எரிச்சல் அடங்கிவிடும், அதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும்.

தாராவி வாசகர் ஒருவரின் கேள்வி: சின்ன வயதில் கர்நாடக சங்கீதம் கற்றிருக்கிறேன். கார்டை சுரக்கணக்கில் புரிந்துகொள்ள முடியுமா?

தாராளமாக முடியும். ச, அந்தர காந்தாரம், ப மூன்றும் சேர்ந்து ஒலித்தால் மேஜர், காந்தாரத்தை அரை சுரம் இறக்கிச் சாதாரண காந்தாரமாக்கினால் மைனர். சி என்பது உங்களுக்குத் தெரிந்த 1 கட்டை சுருதி, அதில் ச க ப சேர்ந்தால் சி மேஜர். இப்போது மேலே சொன்ன ஏ மைனரை அதே 1 கட்டையில் பாடிப் பாருங்கள்: சதுஸ்ருதி தைவதம், ச, க. ச-வும் க-வும் இரண்டுக்கும் பொது, ப மட்டும் த-வாக மாறுகிறது. செம்பூர் சகோதரியின் இரண்டு விரல்கள் அசையாமல் நிற்பது இதனால்தான். சங்கராபரணத்தின் ஏழு சுரத்துக்குள்ளேயே சி, எஃப், ஜி மூன்று மேஜர் கார்டும் அடங்கிவிடும். தோடி மாதிரி கமகத்தில் உயிர் வாழும் ராகத்துக்கு மட்டும் கார்ட் போட அவசரப்படாதீர்கள், காந்தாரம் அசைகிற இடத்தில் அசையாத ஒரு கார்டை வைத்தால் ராகம் அடிபடும். இதில் நான் பிடிவாதக்காரன்.

மாஹிம் வாசகர் ஒருவரின் கேள்வி: ஒரே அறை வீடு. வேலை முடிந்து வர இரவு 11 ஆகிறது. பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இல்லாமல் எப்படிப் பழகுவது?

கீழே கம்பிகள் முடியும் பிரிட்ஜ் பக்கத்தில், கம்பிக்கு அடியில் ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகுங்கள். சத்தம் அமுங்கிவிடும், எந்தக் கம்பி ஒலிக்கிறது, எது செத்துக்கிடக்கிறது என்பது உங்கள் காதுக்குக் கேட்கும். கார்ட் மாற்றிப் பழக வலது கையே வேண்டாம், இடது கை மட்டும் போய்ப் போய் வந்தால் போதும். கம்பியைத் தட்டி வாசிப்பதை மட்டும் விடுமுறை நாளில் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.