இருபது கொண்டை ஊசிக்கு அப்பால் இருக்கும் கணினியை யார் பார்த்துக்கொள்வது?

கேள்வி: ஏற்காட்டில் காபி, மிளகுத் தோட்டம் வைத்திருக்கிறோம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அலுவலகம். இரண்டு இடத்திலும் சேர்த்து 14 கணினிகள். பழுது பார்க்கும் தம்பி, ஒவ்வொரு முறையும் மலையேறி வர முடியவில்லை என்கிறார். எல்லாவற்றிலும் ஒரு மென்பொருளைப் போட்டுவிட்டால் ஐந்து ரோட்டில் இருக்கும் தன் கடையிலிருந்தே கவனித்துக்கொள்வாராம். எங்கள் கணக்கு வழக்கையெல்லாம் அவர் பார்த்துவிட மாட்டாரா? மலையில் இணையமும் அவ்வளவு வேகமில்லையே?

பதில்: போடலாம். ஆனால் எந்த மென்பொருளைப் போடப்போகிறார் என்று முதலில் கேளுங்கள். எனிடெஸ்க் போன்ற ஒன்றைப் போட்டு, மாறாத ஒரு கடவுச்சொல்லையும் வைத்துவிட்டு, அதையே ‘கண்காணிப்பு’ என்று சொல்பவர்கள் உண்டு. அது தொலைவிலிருந்து திரையைப் பார்த்து மவுஸை நகர்த்தும் கருவி. நீங்கள் போன் செய்து பழுது என்று சொன்ன பிறகுதான் அவருக்கே தெரியவரும். அதற்கு மாதச் சந்தா கேட்டால் கொடுக்காதீர்கள்.

உண்மையான கண்காணிப்பு வேறு மாதிரி. ஒவ்வொரு கணினியிலும் ‘ஏஜென்ட்’ என்ற சிறு நிரல் உட்காரும். யாரும் உள்நுழைவதற்கு முன்பே, விண்டோஸ் எழும்போதே அதுவும் எழுந்துவிடும். டிஸ்கில் எவ்வளவு இடம் மிச்சம், ஆன்டிவைரஸ் ஓடுகிறதா, எந்த அப்டேட் பாக்கி, நேற்றிரவு பேக்கப் முடிந்ததா என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஹார்டு டிஸ்கில் பழுதான பகுதிகள் கூடிக்கொண்டே போனால் நீங்கள் உணர்வதற்கு முன்பே அவர் திரையில் எச்சரிக்கை வரும். எல்லா டிஸ்கும் சொல்லிவிட்டுச் சாவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பேக்கப்புக்கு இது மாற்று அல்ல.

போட்ட முதல் நாளே கிடைக்கும் பலன் ஒன்று உண்டு: உங்களிடம் என்ன இருக்கிறது என்ற பட்டியல். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. உங்கள் 14 கணினிகளில் எத்தனை இன்னும் அதில் ஓடுகின்றன என்று இப்போது கேட்டால் நீங்களும் சரி, அந்தத் தம்பியும் சரி, விரல் விட்டு எண்ணிப் பார்த்துத்தான் சொல்வீர்கள்.

ஏஜென்ட் உள்ளிருந்து வெளியே தொடர்புகொள்ளும் நிரல். இணையப் பக்கங்களைப் பார்க்கப் பயன்படும் அதே 443 என்ற வழியே போதும். எனவே உங்கள் ரௌட்டரில் எந்தக் கதவையும் திறக்க வேண்டியதில்லை. “3389-ஐத் திறந்துவிடுகிறேன், அப்போதுதான் எனக்கு வசதி” என்று, வெளியிலிருந்து நேராக விண்டோஸுக்குள் நுழையும் கதவை அவர் கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள். அப்படித் திறந்து கிடக்கும் கதவுகளைத் தேடி உலகம் முழுவதும் இரவும் பகலும் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி கணக்கு விஷயம். அவரால் பார்க்க முடியுமா? முடியும். மழுப்புவதில் பயனில்லை. விண்டோஸில் உள்ள மிக உயர்ந்த அதிகாரத்தோடு ஏஜென்ட் ஓடுகிறது. உங்கள் திரையில் ஒன்றுமே தெரியாமல் அவர் கோப்பை எடுக்கலாம், கட்டளை ஓட்டலாம். ‘நீங்கள் சம்மதித்தால்தான் திரை தெரியும்’ என்ற வசதி பல மென்பொருள்களில் உண்டு. அதைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள். ஆனால் அதைப் போடுபவரும் அவர்தான், எடுக்கக் கூடியவரும் அவர்தான். ஆகவே சில பொருள்களை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பதுதான் வழி. டிஜிட்டல் கையொப்ப டோக்கனைக் கணினியிலேயே செருகி விட்டுவிடும் வழக்கம் நம் ஊர் அலுவலகங்களில் நிறைய. வேலை முடிந்ததும் பிடுங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டுங்கள். வங்கிக் கடவுச்சொல்லை பிரௌசரில் சேமிக்காதீர்கள்.

உங்கள் பயம் அந்தத் தம்பியைப் பற்றி. என் பயம், அவரிடம் புகுந்துவிடக்கூடியவர்களைப் பற்றி. 2021 ஜூலை 2-ஆம் தேதி கசேயா என்ற அமெரிக்க நிறுவனத்தின் தொலை மேலாண்மை மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரெவில் என்ற கும்பல் நுழைந்தது. கசேயாவின் நேரடி வாடிக்கையாளர்களில் சிக்கியவர்கள் ஏறக்குறைய 60 பேர்தான். பெரும்பாலும் அந்தத் தம்பியைப் போல மற்றவர்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனங்கள். அவர்கள் வழியாக 1,500 வரையிலான சிறு, நடுத்தர நிறுவனங்களின் கோப்புகள் பூட்டப்பட்டன. ஸ்வீடனில் கூப் என்ற மளிகைக் கடைத் தொடர் சுமார் 800 கடைகளை மூட வேண்டி வந்தது. கூப், கசேயாவின் வாடிக்கையாளர்கூட இல்லை. அதன் பில் இயந்திரங்களைக் கவனித்துக்கொண்ட நிறுவனத்தின் வழியாக வந்த வினை அது.

எனவே அவரிடம் கேட்க வேண்டியது, “என் கணக்கைப் பார்ப்பாயா தம்பி?” என்பதல்ல. அவர் உள்நுழையும்போது கடவுச்சொல்லோடு கைப்பேசியிலும் உறுதி கேட்கிறதா? கடையில் வேலை செய்யும் மூன்று பையன்களுக்கும் தனித்தனிக் கணக்கா, அல்லது எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்லா? யார், எப்போது, எந்தக் கணினிக்குள் நுழைந்தார் என்ற பதிவு எத்தனை நாள் இருக்கும்? கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. அதை அவர் கேள்விப்பட்டிருக்கிறாரா என்பதே ஒரு நல்ல சோதனை.

முடிந்தால் சந்தாவை உங்கள் நிறுவனத்தின் பெயரில் வாங்கி, அவரை அதில் ஒரு பயனராகச் சேருங்கள். பிரிந்தால் பெயரை நீக்கிவிடலாம். நான் போய்ப் பார்த்த ஓர் அலுவலகத்தில், மனக்கசப்போடு விலகிப்போன பொறியாளரின் கடவுச்சொல் இரண்டு ஆண்டு கழித்தும் வேலை செய்தது. அவர் நல்ல மனிதர் என்பதால் ஒன்றும் ஆகவில்லை.

பேக்கப்பில் ஒரு பிரதியாவது ஏஜென்ட்டுக்கு எட்டாமல் இருக்க வேண்டும். இரண்டு வெளி டிஸ்குகள் வாங்கி வாரத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். ஒன்று செருகியிருக்கும்போது மற்றொன்று பீரோவில் இருக்கட்டும்.

மலை இணையத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஏஜென்ட் அனுப்பும் தகவல் மிகச் சிறியது. பாரம் விண்டோஸ் அப்டேட்தான். ஒரு கணினி இறக்கிக்கொண்டதை அதே கட்டடத்தில் உள்ள மற்றவை தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. அதை இயக்கச் சொல்லுங்கள். இரவில் அப்டேட் போட்டுக்கொள்ளலாம் என்பார். அது நகரத்து யோசனை. ஐப்பசி இடிக்குப் பயந்து நீங்கள் மாலையில் பிளக்கையே பிடுங்கிவிடுவீர்கள், அதுவும் சரிதான். பிளக் இல்லாத கணினியை யாராலும் தொலைவிலிருந்து எழுப்ப முடியாது. வாரத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தை அப்டேட்டுக்கு ஒதுக்குங்கள். ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் 11, 20-ஆம் தேதிகளிலும் கூலி பட்டுவாடா நாளிலும் எந்தக் கணினியும் தானாக ரீஸ்டார்ட் ஆகக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஊழியர்களிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: கணினிகள் கண்காணிக்கப்படுகின்றன, இந்தத் தம்பியும் அவர் கடைப் பையன்களும் மட்டுமே பார்ப்பார்கள். “கம்பெனியிலிருந்து பேசுகிறோம், ஒரு மென்பொருள் போடுங்கள்” என்று வேறு யாரிடமிருந்தாவது போன் வந்தால், பேசுபவர் திருடன் என்று அப்போதுதான் அவர்களுக்குச் சட்டெனப் புரியும்.

இவ்வளவு செய்தாலும் அவர் மலையேற வேண்டிய நாள் வரும். விண்டோஸ் எழாவிட்டால் ஏஜென்ட்டும் எழாது. 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான ஒரு கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றபோது, பெரிய பெரிய நிறுவனங்களே ஆட்களை ஒவ்வொரு மேசைக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்த இடங்களில் மீட்புச் சாவிக்காகவும் அலைந்தார்கள். தோட்டத்தில் ஒரு மாற்றுக் கணினி தயாராக இருக்கட்டும். ஒவ்வொரு கணினியின் மீட்புச் சாவியையும் தாளில் அச்சிட்டுத் தோட்ட அலுவலகப் பெட்டகத்திலேயே வையுங்கள். அது 48 இலக்கம். மழை நாளில், விட்டுவிட்டுக் கேட்கும் போனில் அதைச் சேலத்திலிருந்து ஒருவர் சொல்ல, மலையில் ஒருவர் எழுதிக்கொள்ள முடியாது.