பெரியப்பா குடுத்த குட்டி டப்பாவும் இன்னும் சில கேள்விகளும்

கே: அண்ணே, லண்டன்ல இருக்குற பெரியப்பா ஒரு குட்டி டப்பா கிஃப்ட்டா குடுத்தாரு. தீப்பெட்டிய விட கொஞ்சம் பெருசு, மேல செவப்பு தோல், முன்னாடி ஒரு பட்டன். அமுக்குனா மூடி டப்புனு தொறக்குது, பாத்தா உள்ள இன்னொரு மூடி. மூக்குப்பொடி டப்பாவா?

ப: உள்ள இன்னொரு மூடின்னு நீங்களே சொல்லிட்டீங்களே, அதுலயே விடை இருக்கு. பொடி என்ன ஒழுகவா போகுது, அதுக்கு எதுக்கு ரெண்டு மூடி? இது பயணத்துக்கு எடுத்துட்டு போற மைக்கூடு. ரயில்லயும் குதிர வண்டிலயும் குலுங்கிட்டு போறப்போ பெட்டிக்குள்ள மை கொட்டுனா துணியெல்லாம் போச்சு, அந்த பயத்துல விக்டோரியா காலத்து ஆளுங்க கண்டுபிடிச்ச ஏற்பாடு. உள் மூடியோட அடிப்பக்கம் பாருங்க, வட்டமா ஒரு தோலோ ரப்பரோ இருக்கும், அதுதான் கண்ணாடி புட்டி வாய்ல அழுந்தி உக்காந்து ஒழுகாம பாத்துக்கும். காஞ்சு விரிசல் விட்டிருந்தா சந்தோஷப்படுங்க, புதுசா பளபளன்னு இருந்தா பின்னாடி யாரோ மாத்திருக்காங்க.

அடுத்து புட்டிய மெதுவா வெளிய எடுத்து அது இருந்த குழிய பாருங்க. கருப்பும் துருவும் கலந்த கறை இருக்கும். அந்த காலத்து மை நம்ம நாட்டு மருந்து கடைல கிடைக்குற மாசிக்காய், அன்னபேதி ரெண்டையும் சேத்து கொஞ்சம் பிசின் போட்டு செய்யுறது, அமிலம் ஜாஸ்தி, உலோகத்த அரிச்சிடும், அதனாலதான் உள்ள கண்ணாடி. இன்னொன்னு, பெரியப்பா கிட்ட இதே தோல்ல ஜோடி டப்பா ஒண்ணு கிடக்கான்னு கேளுங்க. லெட்டர மூடி முத்திரை வைக்க அரக்கு உருக்கணும், அதுக்கு தீக்குச்சி வேணும்ல, அதனால மை டப்பால 'இங்க்', தீக்குச்சி டப்பால 'லைட்ஸ்'னு தங்க எழுத்துல போட்டு ஜோடியாவும் வித்தாங்க.

கே: என் மைக்கூட்டு மூடில நங்கூரம் முத்திரை இருக்கு. கப்பல் கேப்டனோடதா சார்?

ப: எல்லாரும் ஏமாறுற இடம் இது. நங்கூரம் பர்மிங்காம் நகரத்துல வெள்ளிய சோதிச்சு போடுற முத்திரை, 1773ல இருந்து இருக்கு, அந்த ஊருக்கு கடலே கிடையாது! பக்கத்துல நடக்குற சிங்கம் இருந்தா 92.5 சதவீதம் வெள்ளி. ராஜாவோட தலையோ ராணியோட தலையோ இருந்தா அது வரி கட்டுனதுக்கு அடையாளம், 1890லயே நிறுத்திட்டாங்க, அதனால பொருள் பெரும்பாலும் அதுக்கு பிந்துனதா இருக்காது.

கே: என் மைக்கூட்டோட அடில சின்னதா டைமண்ட் வடிவம், மூலைல எல்லாம் எழுத்து. வைரம் வச்ச கம்பெனியா?

ப: இங்கிலாந்துல டிசைன பதிவு பண்ணதுக்கான குறி, 1842ல இருந்து 1883 வரைக்கும். அதுல தெரியுற தேதி டிசைன் பதிவான தேதி மட்டும்தான், பொருள அப்புறமா கூட செஞ்சிருக்கலாம்.

கே: ஜப்பான்ல வேல பாத்த ஃப்ரெண்டு புகைக்குழா மாதிரி ஒண்ணு குடுத்தான், ஆனா குழாய் பக்கம் ஊத முடியல.

ப: ஊதாதீங்கப்பா! அது யாதாதே, ஜப்பான்காரங்க கையோட எடுத்துட்டு போன பிரஷ்ஷும் மையும் சேந்த எழுத்து செட்டு. நீளமான பகுதில பிரஷ் இருக்கும், முனைல இருக்குற கிண்ணத்துல மை நனைச்ச பஞ்சு வச்சிருப்பாங்க, பஞ்சுல ஊறிட்டா மை கொட்டாது. மை கொட்டுற கவலைய அவங்க வேற வழில தீத்துட்டாங்க, எனக்கு வெள்ளக்காரன் ஸ்பிரிங்க விட இதான் பிடிக்கும். வியாபாரிங்க இடுப்புல சொருகிட்டு சுத்துவாங்க.

கே: பழைய மைக்கூட்ட புளி போட்டு தேய்க்கலாமா?

ப: ஐயோ வேண்டாம். நான் ஒரு தடவ பித்தளைன்னு நெனச்சு தேய்ச்சேன், மேல இருந்த தங்க முலாம் பாதி புளியோட போயிடுச்சு, இன்னும் அந்த மூடி ஒரு பக்கம் மஞ்சள் ஒரு பக்கம் வெளுப்புனு நிக்குது. கண்ணாடி புட்டிய மட்டும் தனியா எடுத்து வெதுவெதுப்பான தண்ணில ஊற வைங்க. தோல்ல தேங்கா எண்ணெய் தடவாதீங்க, காஞ்ச துணியால தொடச்சாலே போதும்.